அழிக்க வேண்டாம், மறைத்தால் போதும்



சுவிசுக்கு வந்து, காம்பில் இருந்து வெளியே விடப்பட்டு, சொந்த வீட்டுச் சாவி கையில் கிடைத்ததும் நாம் என்ன செய்கிறோம்? பழைய சாமான் கடையில் கட்டிலும் மேசையும் வாங்குகிறோம். சுவரில் முதலில் சாமிப் படத்தையோ மாதா படத்தையோ மாட்டுகிறோம். அதற்கு அடுத்ததாக மாட்டுவது ஊரில் விட்டு வந்தவர்களின் படம், அல்லது இல்லாமற் போனவர்களின் படம்.

அந்தப் படம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு மூலை மடிந்திருக்கும். மழைத்தண்ணீர் ஊறிய கறை இருக்கும். அல்லது அது கலியாண வீட்டுக் கூட்டத்தில் நாலு பேருக்கு நடுவில் அரைமுகம் தெரியும் படமாக இருக்கும். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும், 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து வீட்டைக் கொண்டு போனவர்களும், 2009 இல் வன்னியில் பங்கருக்குப் பங்கர் ஓடியவர்களும் கையில் எடுத்தது அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், இருந்த கொஞ்ச நகை. அல்பத்தைத் தூக்குவதற்கு யாரிடம் மூன்றாவது கை இருந்தது? ஆனபடியால் எம்மவரில் பல வீடுகளுக்கு ஒருவரின் முகம் என்று மிஞ்சியிருப்பது ஒரேயொரு படம் தான்.

அந்த ஒரேயொரு படத்தைக் கணனியில் பழுதாக்காமல் திருத்துவது எப்படி என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை. இதற்கு 'லேயர் மாஸ்க்' என்று ஒரு முறை உண்டு. நாங்கள் தமிழில் 'மறைப்பு' என்று சொல்லிக் கொள்கிறோம்.

எழுதும் நாங்கள் யார் என்பதையும் சொல்லி விடுகிறோம். ஓல்ரன் நகருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிக்ற் வேலை செய்யும் மூன்று பேர். முப்பது வயதைத் தாண்டியவர்கள். க.பொ.த. சாதாரண தரத்துடன் எங்கள் படிப்பு நின்று விட்டது. கணனியை எந்தப் பாடசாலையிலும் படிக்கவில்லை. ஒரு பழைய கணனியும் ஒரு ஸ்கானரும் வைத்துக் கொண்டு, வேலை இல்லாத சனி ஞாயிறுகளில் எம்மவர் கொண்டு வரும் படங்களைத் திருத்திக் கொடுக்கிறோம். காசு வாங்குவதில்லை. தேத்தண்ணி தந்தால் குடிப்போம். இது நிபுணர்களின் எழுத்து அல்ல, பிழை விட்டுப் பழகியவர்களின் எழுத்து. முதலில் அந்தப் பிழையில் இருந்தே தொடங்குகிறோம்.

நாங்கள் விட்ட பிழை

சில வருடங்களுக்கு முன்பு ஒரு அம்மா தன் மகளுடன் எங்களிடம் வந்தார். மகளுக்குக் கலியாணம் முற்றாகியிருந்தது. தகப்பனார் 2009 இல் செல் விழுந்து இறந்தவர். அவருடைய படம் என்று இருந்தது ஒன்று தான். வவுனியாவில் இருக்கும் உறவினர் ஒருவரின் வீட்டு விசேசத்தில் எடுத்த படம். கூட்டத்தின் ஓரத்தில், கதவு நிலைக்குப் பக்கத்தில் அவர் நிற்கிறார். உறவினர் அதைத் தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.

"தம்பியவை, இவரை மட்டும் தனிய எடுத்துப் பெரிசாக்கித் தர ஏலுமே? மண்டப வாசல்லை வைக்க வேணும்" என்று அம்மா கேட்டார்.

ஏலும் என்றோம். அப்போது எங்களுக்குத் தெரிந்தது 'அழிறப்பர்' கருவி ஒன்று தான். அவரைச் சுற்றி இருந்த கதவு, சுவர், பக்கத்தில் நின்றவரின் தோள் எல்லாவற்றையும் மவுஸைப் பிடித்துக் கொண்டு மூன்று மணித்தியாலம் அழித்தோம். கை வலித்தது. ஆனால் திறமாக வந்ததாக எங்களுக்குள் ஒரு பெருமை. அதே பெயரில் சேமித்தோம். கணனியை மூடினோம். அடுத்த கிழமை பெரிய அளவில் அச்செடுத்துக் கொடுத்தோம்.

அம்மா படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "காது எங்கை தம்பி? இவற்றை வலது காதுச் சோணையிலை ஒரு வெட்டு இருக்கும். சின்ன வயசிலை பனைமட்டை கிழிச்சது."

எங்களுக்கு முகம் கறுத்து விட்டது. அந்த வெட்டைக் கதவின் நிழல் என்று நினைத்து, சோணையோடு சேர்த்து அழித்திருந்தோம். காது வட்டமாக, வடிவாக, வேறொருவரின் காதாக இருந்தது.

அம்மா எங்களைக் கோபிக்கவில்லை. "பரவாயில்லை. அதை வைச்சுத் தான் அண்டைக்கு நான் இவரை அடையாளம் கண்டனான். அதாலை தான் கேட்டனான்" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் கணனியில் இருந்த படத்தில் அந்தக் காது இனி இல்லை. அழித்துச் சேமித்தது திரும்பி வராது. உறவினர் அனுப்பிய செய்தி மகளின் தொலைபேசியில் அழியாமல் இருந்ததால் அன்று தப்பினோம். அவர் தொலைபேசியை மாற்றியிருந்தால்? அன்றிரவு ஷிக்ற் வேலையில் நாங்கள் மூவரும் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. அடுத்த நாளில் இருந்து, அழிக்காமல் ஒரு ஆளைப் பிரித்தெடுக்க வழி இருக்கிறதா என்று தேடத் தொடங்கினோம். அப்படித் தான் மறைப்பைக் கற்றுக் கொண்டோம்.

மறைப்பு என்றால் என்ன?

எங்கள் வேலைத்தலத்தில் இரும்புச் சாமான்களுக்குத் தூள் வர்ணம் அடித்து, பெரிய அடுப்பில் வைத்துச் சுடுவார்கள். புரி உள்ள துளைகளுக்குள் வர்ணம் போனால் பிறகு ஆணி ஏறாது. ஆனபடியால் வர்ணம் அடிக்க முதல், துளைகளைச் சிலிக்கன் அடைப்பான்களால் மூடுவோம். வர்ணம் படக் கூடாத இடங்களில் சூடு தாங்கும் ரேப் ஒட்டுவோம். சுட்டு முடிந்ததும் கழற்றி விடுவோம். துளை முன்பு போலவே இருக்கும். மூடினோமே தவிர அதற்கு ஒன்றும் செய்யவில்லை. இதைக் காலம் முழுவதும் கையால் செய்து கொண்டிருந்த எங்களுக்கு, படத்திலும் இதையே செய்யலாம் என்று தோன்றவில்லை!

வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு உதாரணம். மாரி காலத்தில் சோறு கொதிக்கும் போது குசினி யன்னலில் ஆவி படிகிறது. விரலால் துடைத்தால் துடைத்த இடத்தில் வெளியே நிற்கும் மரம் தெரியும். திரும்ப ஆவி படிந்தால் மரம் மறையும். மரத்தை யாரும் வெட்டவில்லை. அது நின்ற இடத்திலேயே நிற்கிறது.

கணனியில் படம் திருத்தும் போது, ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்களை அடுக்கியது போலப் படங்களை அடுக்கலாம். ஒவ்வொரு தாளும் ஒரு 'லேயர்'. ஜேர்மன் மொழிக் கணனியில் 'எபெனெ' என்று இருக்கும். மேல் தாளில் தகப்பனாரின் படம், கீழ்த் தாளில் வெறும் நீல நிறம் என்று வைத்துக் கொள்வோம். மேல் தாளுடன் ஒரு மறைப்பைப் பொருத்தலாம். ஜேர்மனில் இதன் பெயர் 'எபெனன்மாஸ்கெ'. மறைப்பு என்பது கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்கள் மட்டும் உள்ள இன்னொரு படம். அதன் சட்டம் மிகச் சுலபம்.

மறைப்பில் வெள்ளையாக உள்ள இடத்தில் மேல் படம் முழுதாகத் தெரியும். கறுப்பாக உள்ள இடத்தில் மேல் படம் மறைந்து, கீழே உள்ளது தெரியும். சாம்பலாக உள்ள இடத்தில் அரைகுறையாகத் தெரியும். சாதாரணப் படத்தில் கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என்று இலக்கம். இடையில் உள்ளவற்றையும் சேர்த்து 256 படிகள். 128 அளவில் பாதி தெரியும். 'வெள்ளை வெளியே விடும், கறுப்புக் கதவைச் சாத்தும்' என்று நாங்கள் பாடமாக்கி வைத்திருக்கிறோம்.

கறுப்பால் பூசும் போது நீங்கள் படத்தின் மேல் பூசவில்லை, மறைப்பின் மேல் பூசுகிறீர்கள். காதைத் தவறி மறைத்து விட்டால் வெள்ளையால் பூசுங்கள், காது திரும்பி வரும். நாளைக்கும் வரும். சேமித்து வைத்திருந்தால் பத்து வருடம் கழித்தும் வரும்.

இது புதிய வித்தை அல்ல

படங்களைச் சேர்ப்பது கணனியுடன் வந்தது என்று நினைக்க வேண்டாம். 1857 இல் ஒஸ்கார் ரெய்லாண்டர் என்பவர் முப்பதுக்கு மேற்பட்ட நெகற்றிவ்களைச் சேர்த்து ஒரே படமாக இங்கிலாந்தின் மான்செஸ்ரரில் காட்சிக்கு வைத்தார். இருட்டறையில் ஒரு நெகற்றிவின் ஒளி விழும் போது மற்ற இடங்களை மூடி வைத்து, ஒவ்வொன்றாக அச்செடுத்தார். அந்த மூடல் தான் மறைப்பு. எமது ஊர் ஸ்ரூடியோக்களிலும் நெகற்றிவில் பென்சிலால் தீட்டி முகத்தைத் திருத்திய, தனித்தனியாக எடுத்த கணவன் மனைவி படங்களை ஒன்றாக்கிய கைகாரர்கள் இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள்.

கணனியில் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்துடன் 'எவ்வளவு தெரிய வேண்டும்' என்ற இலக்கத்தையும் சேர்த்து வைக்கும் முறையை 1970 களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அல்வி ரே ஸ்மித், எட் காற்முல் ஆகிய இருவரும் உருவாக்கினார்கள். தோமஸ் நோல், ஜோன் நோல் என்ற சகோதரர்கள் எழுதிய போட்டோசொப் 1990 பெப்ரவரியில் அடோபி நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அதில் லேயர்கள் வந்தது 1994 இல், மூன்றாவது பதிப்பில். அதற்கு முதல் ஒட்டியது ஒட்டியது தான், பிறகு அசைக்க முடியாது.

போட்டோசொப்புக்கு மாதாமாதம் காசு கட்ட வேண்டும். புதிதாக வந்த குடும்பங்கள் அதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. 'கிம்ப்' என்ற மென்பொருள் இலவசம். அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் 1995 இல் இரண்டு மாணவர்கள் தொடங்கியது. அதன் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது. பழைய கணனியிலும் ஓடும். 'போட்டோபீ' என்று இன்னொன்று உண்டு. அதைக் கணனியில் ஏற்றத் தேவையில்லை, இணைய உலாவியிலேயே திறக்கலாம். படம் உங்கள் கணனிக்குள்ளேயே இருந்து திருத்தப்படுகிறது, வேறெங்கும் அனுப்பப்படுவதில்லை. விளம்பரத்தைப் பொறுத்துக் கொண்டால் இலவசம்.

செய்முறை

எந்த மென்பொருளாக இருந்தாலும் வழி ஏறக்குறைய ஒன்று தான்.

1. முதலில் படத்தை நன்றாகப் பிரதி எடுங்கள். படம் கையில் இருந்தால் ஸ்கானரில் வையுங்கள். 35 மில்லிமீற்றர் அகலமும் 45 மில்லிமீற்றர் உயரமும் உள்ள சிறிய பாஸ்போட் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கான் செய்தால் சுமார் 827 க்கு 1063 புள்ளிகள் கிடைக்கும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பதால் இரண்டு மடங்கு பெரிதாக, அதாவது 7 சென்ரிமீற்றருக்கு 9 சென்ரிமீற்றர் அளவில் தெளிவாக அச்செடுக்கலாம். 1200 வைத்தால் நான்கு மடங்கு. அதற்கு மேல் போனால் கடதாசியின் நார் தான் தெரியும், முகம் தெரியாது.

2. ஊரில் இருந்து தொலைபேசியில் படம் அனுப்புபவர்களிடம், படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. 'டொக்கியுமென்ற்' என்று தெரிவு செய்து அனுப்பினால் சுருக்காது. படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் நேருக்கு நேராக எடுக்கச் சொல்லுங்கள்.

3. வந்த படத்தைத் தொடாமல் ஒரு பக்கம் வையுங்கள். அதன் பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

4. பிரதியைத் திறந்து, அதற்குக் கீழே புதிய லேயர் ஒன்று வைத்து, விரும்பிய பின்னணி நிறத்தால் நிரப்புங்கள். முதலில் கடும் பச்சை போல வேறுபட்ட நிறம் வைத்தால் ஓரங்கள் நன்றாகத் தெரியும். கடைசியில் மாற்றிக் கொள்ளலாம்.

5. படம் உள்ள லேயரைத் தெரிவு செய்து மறைப்பைச் சேருங்கள். போட்டோசொப்பிலும் போட்டோபீயிலும் லேயர் பட்டியலின் அடியில், சதுரத்துக்குள் வட்டம் உள்ள சின்னத்தை அழுத்த வேண்டும். கிம்பில் லேயரின் மேல் வலது பக்க மவுஸை அழுத்தி 'எபெனன்மாஸ்கெ ஹின்சுஃபூகன்' என்பதைத் தெரிவு செய்து, வெள்ளை என்பதை ஏற்றுக் கொள்ளுங்கள். லேயரின் சிறு படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி வரும்.

6. இது தான் எல்லோரும் பிழை விடும் இடம். பூச முதல் அந்த வெள்ளைப் பெட்டியை ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தாமல் பூசினால் படத்தின் மேலேயே கறுப்புப் பூசப்படும். முகத்தின் மேல் கறுப்புக் கோடு விழுந்தால் பயப்படாமல் கொன்றோல் விசையுடன் இசட் விசையை அழுத்துங்கள், போய் விடும்.

7. தூரிகையை எடுங்கள். ஜேர்மனில் 'பின்சல்'. டி விசையை அழுத்தினால் கறுப்பும் வெள்ளையும் வரும். எக்ஸ் விசையை அழுத்தினால் ஒன்றுக்கொன்று மாறும். ஒரு கை எக்ஸ் விசையில், மறு கை மவுஸில் இருக்கட்டும். வேண்டாத இடத்தைக் கறுப்பால் பூசுங்கள். கூடப் பூசி விட்டால் எக்ஸ் அழுத்தி வெள்ளையால் மீளுங்கள்.

8. தோள், கை, சேலைக் கரை போன்றவற்றுக்குத் தூரிகையின் ஓரம் சற்று இறுக்கமாக இருக்க வேண்டும். தலைமயிருக்கு மென்மையாக இருக்க வேண்டும். அங்கே 'டெக்கிராஃப்ற்' என்ற அளவை 20 அல்லது 30 வீதத்துக்குக் குறைத்து, மெல்ல மெல்லப் பூசுங்கள். கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது போலத் தெரிவது பெரும்பாலும் மயிர் ஓரத்தில் தான்.

9. இடையிடையே மறைப்பை நிறுத்திப் பாருங்கள். போட்டோசொப்பில் ஷிஃப்ற் விசையுடனும் கிம்பில் கொன்றோல் விசையுடனும் அந்தப் பெட்டியை அழுத்தினால் முழுப் படமும் திரும்பத் தெரியும். எதை மறைத்திருக்கிறோம், காது, மச்சம், தழும்பு ஏதும் போய் விட்டதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இதை நாங்கள் ஒருநாளும் விடுவதில்லை.

10. சேமிக்கும் போது போட்டோசொப்பிலும் போட்டோபீயிலும் பி.எஸ்.டி. கோப்பாகவும், கிம்பில் எக்ஸ்.சி.எஃப். கோப்பாகவும் சேமியுங்கள். ஜேபெக் கோப்பில் லேயரும் இல்லை, மறைப்பும் இல்லை, எல்லாம் ஒன்றாக ஒட்டி விடும். கடைக்கு அச்சுக்கு அனுப்ப மட்டும் ஜேபெக் ஒன்று தனியாக எடுங்கள்.

நிறம் மங்கிய படங்களுக்கும் மறைப்பு உதவும். பழைய நிறப் படங்கள் சிவந்து போவதற்குக் காரணம், அவற்றில் உள்ள நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றை விட வேகமாக மங்குவது. முழுப் படத்தையும் ஒரேயடியாகத் திருத்தினால் முகம் நன்றாகும், ஆனால் வெள்ளை வேட்டி நீலமாகும். போட்டோசொப்பிலும் போட்டோபீயிலும் நிறத் திருத்தத்தை ஒரு தனி லேயராக வைத்து, அதன் மறைப்பில் வேட்டி உள்ள இடத்தை மட்டும் கறுப்பாக்கினால், முகம் திருந்தும், வேட்டி வெள்ளையாகவே இருக்கும்.

இரண்டு படங்களைச் சேர்க்கும் போது ஒளியைப் பாருங்கள். ஒருவருக்கு வெயில் இடது பக்கத்தில் இருந்தும் மற்றவருக்கு வலது பக்கத்தில் இருந்தும் விழுந்தால் எவ்வளவு நன்றாக மறைத்தாலும் கண் ஏற்காது. தலையின் அளவும் கண்களின் மட்டமும் பொருந்த வேண்டும். பழைய படத்தில் ஆளின் பாதம் தெரியாவிட்டால் அவரைப் பின்வரிசையில் நிறுத்துங்கள், முன்னால் நிற்பவரின் தோள் மிகுதியை மறைத்துக் கொள்ளும்.

அந்த அம்மாவின் படத்தை இந்த முறையில் இரண்டாம் தரம் செய்தோம். காதடியில் மட்டும் ஒரு பின்னேரம் போனது. கலியாண மண்டப வாசலில் அவர் வெட்டுக் காதோடு நின்றார்.

செய்யக் கூடாதவை

புதிதாக வந்த குடும்பங்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

அடையாள அட்டை, பாஸ்போட், வதிவிட அனுமதி, பிறப்பு விவாகப் பத்திரங்கள் எதையும் கணனியில் தொட வேண்டாம். மங்கிய எழுத்தைத் தெளிவாக்குவோம், கறையை எடுப்போம் என்று நல்ல எண்ணத்தில் கூடச் செய்ய வேண்டாம். சுவிஸ் தண்டனைச் சட்டத்தின் 252 ஆம் பிரிவு அடையாளப் பத்திரங்களைப் போலியாக்குவதைக் குற்றமாக்குகிறது. அகதி விண்ணப்பத்துக்கோ குடும்ப இணைவுக்கோ அதிகாரிகளிடம் படம் கொடுப்பதானால், மடிந்தது மடிந்தபடி, கறை கறையாக உள்ளதையே கொடுங்கள். திருத்திய படம் ஒன்று கோப்புக்குள் போனால், உண்மையான மற்றப் பத்திரங்களையும் சந்தேகத்துடன் பார்க்க இடம் கொடுத்ததாகி விடும். எங்களிடம் இப்படிக் கேட்டு வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அவர்களுக்கு எங்கள் மேல் கோபம். இருக்கட்டும்.

மற்றவரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் மாற்றிப் பரப்பவும் வேண்டாம். தன் படத்தின் மேல் ஒருவருக்கு உள்ள உரிமையைச் சுவிஸ் குடியியல் சட்டத்தின் 28 ஆம் பிரிவு பாதுகாக்கிறது. அத்துடன் 2020 ஏப்ரல் 1 முதல் இந்நாட்டில் சாதாரணப் படங்களுக்கும் பதிப்புரிமை உண்டு, எடுத்ததில் இருந்து 50 வருடம். வீட்டுச் சுவருக்கு என்றால் பிரச்சினை இல்லை. சஞ்சிகையிலோ இணையத்திலோ போடுவதானால் படம் எடுத்தவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. இப்போது தொலைபேசியிலேயே ஒரு பொத்தானை அழுத்தினால் மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகள் வந்து விட்டன. முகம் பளிச்சென்று வரும். ஆனால் படத்தில் இல்லாத கண்ணிமையும் பல்லும் எங்கிருந்து வந்தன? ஆயிரமாயிரம் வேறு முகங்களைப் பார்த்துப் பழகிய இயந்திரம் ஊகித்துப் போட்டவை அவை. மறைப்பு ஊகிப்பதில்லை. உள்ளதைக் காட்டும், அல்லது மூடும். மங்கலாக இருந்தாலும் அது அவருடைய முகம்.

ஒரு தாயின் கேள்வி

சென்ற வருடம் வந்த இன்னொரு அம்மாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம்.

அவருடைய மகன் 2009 இல் காணாமற் போனவர். மகனின் பத்தொன்பது வயதுப் படம் ஒன்று அவரிடம் இருக்கிறது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் தொடங்கிய போராட்டத்தில் அவரும் அந்தப் படத்தைப் பிடித்துக் கொண்டு இருந்திருக்கிறார். பிறகு இங்குள்ள மகளிடம் வந்து சேர்ந்தார். பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குக் குடும்பப் படம் எடுக்கப் போகிறோம், அதில் மகனையும் சேர்த்துத் தர வேண்டும் என்று கேட்டார்.

மகளுக்கு அது விருப்பமில்லை. "அண்ணாவை இப்பிடிச் சேர்த்தால் செத்த ஆக்களைச் சேர்க்கிற மாதிரி இருக்கும் அம்மா" என்றார்.

"அவன் இல்லாமல் குடும்பப் படமே?" என்று தாய் கேட்டார். பிறகு எங்களைப் பார்த்து, "இப்ப இருந்தால் எப்பிடி இருப்பான் எண்டு வயசு போட்டுக் காட்ட ஏலுமே தம்பி?" என்றார்.

இயந்திரத்தால் ஏலும். நாங்கள் ஏலாது என்றோம். வயது போட்டால் வருவது வேறு யாரோ ஒருவர். அந்த முகத்தைப் பார்த்துப் பழகினால், நாளைக்கு உண்மையான முகத்தை மனது எங்கே வைக்கும்? அத்துடன் அவரிடம் இருப்பது ஒரு சான்றும் கூட. அந்தப் படத்தை ஒரு புள்ளியும் மாற்றாமல் ஸ்கான் செய்து மூன்று பிரதிகள் கொடுத்தோம்: ஒன்று அவரிடம், ஒன்று மகளிடம், ஒன்று ஊரில் உள்ள உறவினரிடம்.

குடும்பப் படத்துக்கு ஒரு வழி சொன்னோம். படம் எடுக்கும் போது தாய்க்கும் மகளுக்கும் நடுவில் ஓராள் நிற்க இடம் விட்டு நில்லுங்கள். மகனின் படத்தைப் பிறகு மேல் லேயராக வைத்து மறைப்புப் போட்டுத் தருகிறோம். தெரிய வேண்டும் என்றால் தெரியும். வேண்டாம் என்றால் அந்த லேயரை மூடி விடலாம். ஒரே கோப்பு தான். இரண்டையும் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

அப்படியே செய்தோம். ஒளி பொருந்துவதற்கு இரண்டு ஞாயிறு சென்றது. இரண்டு விதமாகவும் அச்செடுத்து மேசையில் வைத்தோம். வேண்டாம் என்று சொன்ன மகள், தமையன் நிற்கும் படத்தை எடுத்து மடியில் வைத்துக் கொண்டு அழுதார். தாய் மற்றதை எடுத்தார். நடுவில் இடம் விட்ட படத்தை.

"இதை ஹோலிலை மாட்டுவம். வந்தால் நிக்க இடம் வேணும் தானே" என்றார்.

மற்றப் படம் மகளின் அறையில் இருக்கிறது. கோப்பு எங்கள் கணனியில் ஒன்றும், அவர்கள் வீட்டில் ஒன்றுமாக இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்கிறது.

வாசகர்களே, உங்கள் வீட்டில் இருக்கும் படங்களை இந்தக் கிழமையே பிரதி எடுத்து வையுங்கள். ஒரு பிரதி வீட்டிலும் இன்னொன்று வேறொருவர் வீட்டிலும் இருக்கட்டும். படத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரையும் திகதியையும் கூட ஸ்கான் செய்யுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி, இது யார், இது எந்த ஊர் என்று சொல்லிச் சொல்லிச் செய்யுங்கள். மவுஸைப் பிடிப்பதில் அவர்கள் எங்களை விடக் கெட்டிக்காரர்கள்.

செய்து பார்த்து எங்காவது தடைப்பட்டால் ஆசிரியர் முகவரிக்கு எழுதுங்கள். அடுத்த இதழில், தண்ணீர் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிய படங்களைக் கிழியாமல் பிரிப்பது பற்றி எழுதுகிறோம். அதுவரை அவற்றைக் கையால் இழுத்துப் பிரிக்க வேண்டாம்.